மூடின கதவு மூடியே இருக்க: காந்தமா, பால் கேட்சா, ஆட்டோ கீலா?

எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் மிளகாய்த்தூள், மல்லித்தூள் வைக்கும் மேல் அலமாரியின் இடது கதவு, நாலாக மடித்த காலண்டர் தாளால்தான் பல வருடம் மூடி நின்றது. தாளைச் செருக மறந்தால் அரை நிமிடத்தில் கதவு மெல்லத் திறந்துகொண்டு வரும். குனிந்து அரிசி களைந்துவிட்டு நிமிர்கிறவர்களின் நெற்றிக்குச் சரியான உயரம். ஒரு நாள் அம்மாவுக்குப் புருவத்துக்கு மேலே புடைத்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் "ஒரு காந்தம் வாங்கி அடிச்சுவிடேன்டா" என்ற பேச்சே எழுந்தது.

ஹார்டுவேர்ஸ் கடையில் போய் "அலமாரிக் கதவுக்கு ஒரு காந்தம் குடுங்கண்ணே" என்றேன். அவர் எடுத்துத் தரவில்லை. "கதவு சட்டத்துக்கு உள்ள உட்காருதா, மேல ஏறி உட்காருதா? ஒத்தக் கதவா, ரெட்டக் கதவா? சாதாக் கீலா, ஆட்டோ கீலா?" என்று அடுக்கினார். ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து எண்ணிப் பார்த்தால் அடுப்பங்கரை, படுக்கையறை, பரண் எல்லாம் சேர்த்துப் பதினாலு கதவு. அந்தப் பதினாலையும் மூன்று வருடத்தில் ஒவ்வொன்றாகச் சரிசெய்ததில், கடையில் கிடைக்கிற வகைகளில் முக்கால்வாசியை மாட்டிப் பார்த்துவிட்டேன். கொஞ்சம் காசும் வீணானது. அந்தக் காசாவது இதைப் படிக்கிறவர்களுக்கு மிச்சமாகட்டும்.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் கட்டியது. சுவரில் கடப்பைக் கல் பதித்து, முன்பக்கம் மரச்சட்டம் அடித்து, பட்டைக் கீலில் (கடைக்காரர் சொன்ன சாதாக் கீல்தான்) கதவு மாட்டிய அலமாரிகள். படுக்கையறையில் பிற்பாடு செய்த ப்ளைவுட் அலமாரி. அந்தக் காலத்து வீடுகள் நிறைய இந்தக் கலவையில்தான் இருக்கின்றன. பழைய சட்டத்துக்குச் சரிவருவது புது ப்ளைவுட்டுக்கு வேண்டியதில்லை. புதுசுக்கு வருவது பழசில் உட்காராது.

முதலில் கதவைக் கேளுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் கதவைப் பாதி திறந்து வைத்துக் கையை எடுங்கள். தானாகத் திறந்துகொண்டு போனால், மேல் கீலும் கீழ்க் கீலும் ஒரே செங்குத்துக் கோட்டில் இல்லை என்று அர்த்தம். தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பாதியில் அசையாமல் நிற்கிறது, ஆனால் முழுக்க மூடினால் மட்டும் ஒரு விரற்கடை எழும்பி வருகிறது என்றால் கீல் கடிக்கிறது. ஸ்குரூவின் தலை முழுக்க உள்ளே இறங்காமல் துருத்திக்கொண்டிருக்கும், அல்லது கீலுக்கு வெட்டிய பள்ளம் அளவுக்கு மேல் ஆழமாகியிருக்கும். மேலே படிந்து கீழே மட்டும் இடைவெளி விட்டால் கதவுப் பலகையே முறுக்கிக்கொண்டிருக்கிறது.

இதில் முதல் இரண்டுக்கும் காந்தம் மருந்து இல்லை. கீல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், காந்தம் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். நடுவில் மாட்டிக்கொண்டு ஸ்குரூக்கள் தளரும். நேர்கோடு தவறியிருந்தால் ஒரு கீலுக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகை அட்டையை அளவாக வெட்டி வைத்து முடுக்கினாலே பெரும்பாலும் போதும். ஸ்குரூ ஓட்டை பெரிதாகிச் சுற்றினால், தீக்குச்சி இரண்டு மூன்றை ஃபெவிகாலில் முக்கி ஓட்டையில் திணித்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி முடுக்கலாம். ஆசாரிகள் காலங்காலமாகச் செய்கிற வேலைதான்.

எங்கள் மிளகாய்த்தூள் கதவுக்கு இரண்டு நோயும் இருந்தது. மேல் கீலில் ஒரு ஸ்குரூ ஆடியது. கீழ்க் கீலில் இரண்டு தலை துருத்தியிருந்தது. சரிசெய்த பிறகு கதவு விட்ட இடத்தில் நின்றது. ஆனாலும் மின்விசிறிக் காற்றுக்கு மெல்ல ஆடியது. இந்த நிலைக்கு வந்த பிறகு வாங்குவதுதான் உண்மையான பிடிப்பு.

காந்தம்

பட்டைக் கீல் போட்ட பழைய கதவுக்கு என் முதல் ஓட்டு காந்தத்துக்குத்தான். மலிவு, சத்தம் குறைவு, கதவு மேலே கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கினாலும் கோபித்துக்கொள்ளாது.

அதன் உள்ளே இருப்பது கறுப்பு நிற ஃபெரைட் காந்தக் கட்டி. இரண்டு பக்கமும் இரண்டு இரும்புத் தகடு. கதவில் அடிக்கும் சின்னத் தகட்டைத் தொடுவது காந்தம் அல்ல, இந்த இரண்டு தகட்டின் விளிம்புகள். இரண்டு விளிம்பும் ஒன்றாகப் படிந்தால்தான் பிடி. ஒரு போஸ்ட் கார்டு தடிமனுக்கு இடைவெளி விழுந்தாலும் பிடி வெகுவாகக் குறைந்துவிடும். "காந்தம் பவர் போயிடுச்சு" என்று கழற்றி எறிகிறோமே, அதில் முக்கால்வாசி பவர் போனதில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் சேர்ந்து தகட்டின் மேல் ஒரு படலம் கட்டியிருக்கும், இல்லாவிட்டால் கதவு லேசாக முறுக்கியிருக்கும். பாத்திரம் துலக்கும் சோப்பைத் தொட்டு ஒரு துடை துடைத்துப் பாருங்கள்.

மாட்டுவதில் இரண்டு நுணுக்கம். காந்தத்தின் ஸ்குரூ ஓட்டைகள் நீளவாட்டில் இருப்பது முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளத்தான். எடுத்த எடுப்பில் இறுக்காமல், கதவை மூடிப் பார்த்து இடம் கண்டுகொண்ட பிறகு இறுக்க வேண்டும். கதவுத் தகட்டின் நடு ஸ்குரூவை நேர்மாறாக, முழுக்க இறுக்கவே கூடாது. தகடு லேசாக ஆடினால்தான் காந்தத்தோடு சமமாகப் படியும். தகட்டுக்கு இடம் குறிக்க, அதைக் காந்தத்தின் மேலேயே ஒட்டவிட்டு, முதுகில் ஒரு சிட்டிகை குங்குமத்தை ஈரமாகத் தடவிக் கதவை மூடி அழுத்தினேன். கதவில் பொட்டு வைத்தமாதிரி பதிந்தது. ஸ்கேல் பிடித்து அளந்ததைவிட இது சரியாக இருந்தது.

எங்கே வைப்பது? கைப்பிடி இருக்கும் பக்கம், கைப்பிடிக்கு முடிந்தவரை கிட்டத்தில். கீல் பக்கமாகப் போகப்போகக் காந்தத்தின் பிடி கதவு விளிம்பில் பலிக்காது. மேல் அலமாரிக்குக் கதவின் அடிப்பக்கம், கீழ் அலமாரிக்குக் கதவின் மேல்பக்கம். இரண்டரை அடிக்கு மேல் உயரமான கதவு என்றால், மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு. முறுக்கிய கதவுக்கும் இப்படி இரண்டு போட்டால் ஓரளவு வசத்துக்கு வரும்.

கடப்பைக் கல்லில் நேராக ஓட்டை போடப் பார்க்காதீர்கள். விளிம்பு பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். நான் ஒரு மூலையை அப்படித்தான் உடைத்தேன். சட்டத்தின் உள்பக்கம் ஓர் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டை முடுக்கி, அதில் காந்தத்தை மாட்டினால் கல்லைத் தொடவே வேண்டாம்.

காசு அளவில் வட்டமாக, வெள்ளி மாதிரி மின்னும் நியோடிமியம் காந்தங்களும் இப்போது கிடைக்கின்றன. சின்ன உடம்பில் பெரிய பிடி. பலகையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் கதவு ஓங்கி மோதினால் உடைந்து சில்லாகும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் இதைச் சொல்லமாட்டேன். கழன்று விழுந்த இரண்டு காந்தங்களைக் குழந்தை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓட்டையே போட்டுவிடும்.

பால் கேட்ச்

"பால் கேட்ச் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றதும், "அந்தத் திருட்டுப் பூனையைத்தானே?" என்று கேட்டார் அம்மா. இது அந்தப் பால் இல்லை, பந்து. பித்தளைக் கூட்டுக்குள் இரண்டு குண்டு எதிரெதிராக, பின்னால் ஸ்பிரிங். கதவில் அடித்த நாக்கு அவற்றின் நடுவே புகுந்து "டக்" என்று உட்காரும். இரண்டு முனையிலும் இருக்கும் ஸ்குரூவைத் திருகிப் பிடியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். இந்த வசதி காந்தத்தில் கிடையாது. கைக்குத் தெரிகிற அந்த "டக்" எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் இது நாசூக்குக்காரன். நாக்கு ஒரு மில்லிமீட்டர் விலகினால் குண்டில் இடிக்கும். எங்கள் தேக்குக் கதவு ஐப்பசி அடைமழைக்கு உப்பிக்கொள்ளும், சித்திரை வெயிலுக்குச் சுருங்கும். மழைக்காலத்தில் சரியாக உட்கார்ந்த நாக்கு கோடையில் தடவித் தடவித்தான் உள்ளே போனது. இரண்டு வருடம் இப்படி அவதிப்பட்டு அடுப்பங்கரையில் கழற்றிவிட்டேன். பூஜை அலமாரியில் மட்டும் இருக்கிறது. சின்னக் கதவு, கனமில்லை, கீல் தொங்காது. அந்த இடத்துக்கு இதைவிட நல்லது இல்லை.

ரோலர் கேட்ச் இதன் மலிவான தம்பி. குண்டுக்குப் பதில் இரண்டு உருளை. பிளாஸ்டிக் உருளை என்றால் விரிசல் விடும். காந்தம் கிடைக்கிற விலைக்கு இதை வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஆட்டோ கீல்

புதிதாக ப்ளைவுட்டில் அலமாரி செய்கிறீர்களா? அப்படியானால் தனியாகப் பிடிப்பே வேண்டாம். ஆட்டோ கீலே கதவை இழுத்து மூடி, மூடியபடி வைத்துக்கொள்ளும். கதவின் பின்பக்கம் 35 மில்லிமீட்டர் வட்டக் குழி தோண்டி அதில் கீலின் கிண்ணத்தை இறக்குவார்கள். கீலின் கை பக்கப்பலகையில் மாட்டும். கதவு மூட இன்னும் கொஞ்சதூரம் இருக்கும்போது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கடையில் "கிராங்க் எத்தனை?" என்பார்கள். கிராங்க் என்றால் கீலின் கையில் இருக்கும் வளைவு. பக்கப்பலகையை முழுக்க மூடிக்கொண்டு வரும் கதவுக்கு ஜீரோ கிராங்க். நடுப்பலகையை இரண்டு கதவு பங்குபோட்டுக்கொண்டால் அரை வளைவு, எட்டு ஒன்பது என்று இருக்கும். சட்டத்துக்கு உள்ளே அமரும் கதவுக்கு முழு வளைவு, பதினாறோ அதற்கு மேலோ. மாற்றி வாங்கினால் கதவு ஒன்று இடிக்கும், இல்லாவிட்டால் இளிக்கும்.

இதன் பெரிய லாபம் திருத்தம். இரண்டு மூன்று ஸ்குரூவைத் திருகினாலே கதவை இடம் வலம், உள்ளே வெளியே, மேலே கீழே ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்தலாம். பட்டைக் கீலில் இதே வேலைக்குக் கதவைக் கழற்றி இழைப்புளி போட வேண்டும். கதவு மூன்றடி வரை என்றால் இரண்டு கீல், ஐந்தடி வரை மூன்று, ஆறரை அடிக்கு நாலு என்பது பொதுக் கணக்கு. ஆளுயர அலமாரிக்கு மூன்றே போதும் என்று யாராவது மிச்சம் பிடித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தொங்கிப்போகும் கதவில் எந்தப் பிடிப்பும் நிற்காது.

பலகைத் தடிமனில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். கிண்ணத்தின் ஆழம் 11 முதல் 13 மில்லிமீட்டர் வரை வரும். எங்கள் பரண் கதவு ஒன்று 12 மில்லிமீட்டர் ப்ளைவுட். வேலைக்கு வந்தவர் அளக்காமல் குழி தோண்ட, முன்பக்க மைக்காவில் நிலா மாதிரி ஒரு வட்டம் எழும்பி வந்தது. இன்னும் இருக்கிறது, அதன் மேல் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். கதவு 16 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஆட்டோ கீலை மறந்துவிடுங்கள். 18, 19 என்றால் நிம்மதி. பார்ட்டிக்கிள் போர்டு கதவு என்றால் தடிமன் இருந்தாலும் ஸ்குரூ சீக்கிரம் பிடியை விடும். ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் ஓட்டை தூளாகும்.

பழைய சட்டக் கதவை ஆட்டோ கீலுக்கு மாற்ற முடியுமா? முடியும், ஆனால் கீலின் கையை மாட்ட உள்ளே கதவுக்குச் செங்குத்தாகப் பலகை வேண்டும். கல்லும் சுவரும் இருக்கும் இடத்தில் அதற்காகத் தனியாகக் கட்டை அடிக்க வேண்டும். அந்தக் கூலியில் அத்தனை கதவுக்கும் காந்தம் போட்டுவிடலாம். பழைய கதவுக்குப் பட்டைக் கீலும் காந்தமும் போதும்.

சத்தமில்லாமல் மெதுவாக மூடும் சாஃப்ட் குளோஸ் கீல் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. அதில் கதவைப் பிடித்து வைப்பது டேம்பர் இல்லை, அதே ஸ்பிரிங்தான். டேம்பர் செய்வது கடைசி ஓட்டத்தை மெதுவாக்குவது மட்டும். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவர் வீட்டையே எழுப்பாமல் கதவை விடலாம், அதற்குத்தான் காசு. கதவு ரொம்ப லேசாக இருந்து இரண்டு கீலும் சாஃப்ட் குளோஸாக இருந்தால் சில சமயம் கடைசி அரை அங்குலத்தில் தயங்கி நிற்கும். அங்கே ஒரு கீலை மட்டும் சாதா ஆட்டோவாகப் போட்டால் சரியாகிவிடும். சில கீல்களில் டேம்பரை நிறுத்தி வைக்கச் சின்ன விசையே இருக்கிறது.

கைப்பிடி இல்லாமல் தள்ளினால் திறக்கும் புஷ் டைப் பார்க்க அழகு. ஸ்பிரிங் உள்ள ஆட்டோ கீலோடு சேர்த்து மாட்டினால் ஒன்று தள்ள ஒன்று இழுக்க, சண்டைதான். ஸ்பிரிங் இல்லாத கீல் கேட்டு வாங்க வேண்டும். அடுப்பங்கரைக் கீழ்க் கதவுக்கு வேண்டவே வேண்டாம். தோசை ஊற்றும்போது முட்டி பட்டால் திறக்கும், இடுப்பு பட்டால் திறக்கும்.

தாழ்ப்பாளை மட்டமாக நினைக்க வேண்டாம்

காந்தமும் ஸ்பிரிங்கும் இழுத்தால் விட்டுவிடும். விடக்கூடாத கதவுகளும் வீட்டில் உண்டு. எங்கள் வீட்டில் அதை நிரூபித்தது அந்தப் பூனை. கருவாட்டு டப்பா இருக்கும் கீழ் அலமாரிக்குக் காந்தம் போட்டிருந்தேன். பூனை கதவின் அடி விளிம்பில் நகத்தை மாட்டி, இரண்டு தடவை சுண்டி, மூன்றாவது தடவையில் திறந்ததை ஜன்னல் வழியாக நானே நின்று பார்த்தேன். அடுத்த நாள் நாலு அங்குலத் தாழ்ப்பாள். அத்தோடு பூனை பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

பரணும் அப்படித்தான். தலைக்கு மேலே இருக்கும் கதவு, உள்ளே சாய்ந்து நிற்கும் பித்தளை அண்டா. உள்ளிருந்து பாரம் தள்ளினால் காந்தம் எத்தனை நேரம் நிற்கும்? அங்கே தாழ்ப்பாள் அல்லது கொக்கிதான். ஸ்டூலில் ஏறித்தானே திறக்கப் போகிறோம், திறக்கச் சுலபமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ரெட்டைக் கதவில் இடது கதவுக்கு உள்பக்கம் ஒரு சின்னத் தாழ்ப்பாள், வலது கதவின் விளிம்பு இடதின் மேல் ஏறி உட்கார ஒரு பட்டை, வலதுக்கு ஒரே ஒரு காந்தம் என்று போடுங்கள். இரண்டுக்கும் காந்தம் போட்டால் ஒன்றைத் திறக்கும்போது மற்றதும் சில சமயம் கூடவே வரும்.

பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு அடியில் இருக்கும் கதவுக்குப் பிடிப்பைவிடத் துருதான் பிரச்சினை. அங்கே எவர்சில்வர் கீல் கேளுங்கள், 304 கிரேடு. சிலர் காந்தம் வைத்து ஒட்டவில்லை என்று காட்டி 304 என்று விற்பார்கள். மலிவான 202-ம் பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது. பில்லில் கிரேடை எழுதித் தரச் சொல்லுங்கள். சிலிண்டர் வைக்கும் இடத்துக்குக் கதவே இல்லாவிட்டால் நல்லது. இருந்தே ஆக வேண்டும் என்றால் இறுக்கமாக மூடும் கதவு வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். கதவின் அடியில் கம்பிவலையோ சல்லடை ஓட்டையோ இருக்கட்டும்.

குழந்தைக்காக என்றால் காந்தம், ஸ்பிரிங் எதையும் நம்பாதீர்கள். ஒன்றரை வயசுப் பிள்ளை இழுத்தால் எல்லாம் திறக்கும். கதவுக்கு உள்ளே மறைந்திருந்து, வெளியிலிருந்து காந்தச் சாவி வைத்தால் மட்டும் விடுகிற சைல்டு லாக் இருக்கிறது, அது நல்லது. ஒட்டுப் பட்டையில் வருவது மைக்காவில் நிற்கும், பெயிண்ட் அடித்த பழைய மரத்தில் பெயிண்டோடு பிய்ந்து வரும். ஆசிட், பினாயில், எலி மருந்து இருக்கும் கதவுக்கு மட்டும் போட்டாலும் போதும். இன்னும் நல்லது, அவற்றைப் பரணுக்கு ஏற்றிவிடுவது.

இப்போது எங்கள் கணக்கு இப்படி நிற்கிறது: அடுப்பங்கரையில் ஐந்து கதவு காந்தம், ஒன்றுக்குத் தாழ்ப்பாள். படுக்கையறையில் நாலும் ஆட்டோ கீல், அதில் இரண்டு சாஃப்ட் குளோஸ். பரண் இரண்டுக்கும் கொக்கி. பூஜை அலமாரிக்குப் பால் கேட்ச். பதினாலாவது, அம்மாவின் ஊறுகாய் அலமாரி. வீடு கட்டும்போது ஆசாரி சட்டத்தில் ஒற்றை ஸ்குரூவில் அடித்த ஒரு விரல் நீள மரத்துண்டு, திருப்பினால் கதவின் மேல் படுக்கும், மறுபடி திருப்பினால் விடும். அதற்கும் காந்தம் வாங்கி வந்தேன். "அது கெடக்கட்டும்டா, ஸ்குரூவை மட்டும் முடுக்கிட்டுப் போ" என்றார். முடுக்கினேன். அந்தக் காந்தம் இன்னும் பாக்கெட்டோடு மேசை டிராயரில் கிடக்கிறது. பேப்பர் கிளிப்புகள் எல்லாம் அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.